ஊர் எல்லையில் திரும்பிவிடும் பேருந்து: உள்ளாட்சிகள் சேர்ந்து போக்குவரத்தைத் திட்டமிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் எங்கே நடந்தாலும் பேச்சு கடைசியில் பேருந்து, ரயில், சாலை என்றுதான் வந்து நிற்கும். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் சென்னையைப் பற்றித்தான் பேசுகிறேன். தேவைப்படும் இடத்தில் மட்டும் வெளியூர், வெளிநாட்டு அனுபவங்கள் வரும்.

ஒவ்வொரு ஊரும் தன் சாலையைப் பார்த்துக்கொண்டால் போதாதா? எதற்குக் கூட்டுத் திட்டம்?

எங்கள் பகுதியில் ஒரு தெரு பாதி மாநகராட்சியிலும் பாதி ஊராட்சியிலும் இருக்கிறது. எல்லை எது என்று சொல்லப் பலகை எதுவும் கிடையாது. தார் நிறம் மாறும் இடம்தான் எல்லை. மாநகராட்சி போட்ட மழைநீர் வடிகால் அந்தக் கோட்டோடு முடிந்துவிடும். அதில் வரும் தண்ணீர் மட்டும் ஊராட்சிப் பக்கத்து வீடுகளுக்குள் போகும்.

பேருந்தும் அந்த இடத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது. காலை ஏழரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஊராட்சிப் பக்கத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து நிறுத்தத்தில் நிற்பார்கள். ஏன் பேருந்து உள்ளே வரவில்லை என்று கேட்டால், சாலை குறுகலாக இருக்கிறது, இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை என்கிறார்கள். சாலையை ஏன் அகலப்படுத்தவில்லை என்று கேட்டால், பேருந்தே வராத சாலைக்கு அவ்வளவு செலவு செய்ய ஊராட்சியிடம் நிதி இல்லை என்கிறார்கள். இரண்டு பதிலும் உண்மைதான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு பதிலையும் ஒரே நாளில், ஒரே அறையில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. கூட்டுத் திட்டமிடல் என்று நான் சொல்வது அந்த அறையைத்தான்.

சென்னையில் போக்குவரத்து யார் கையில் இருக்கிறது?

பல கைகளில். மாநகரப் பேருந்துகளை ஓட்டுவது மாநகர் போக்குவரத்துக் கழகம். 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கியது, மாநிலப் போக்குவரத்துத் துறையின் கீழ் வருவது. புறநகர் மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் தெற்கு ரயில்வேயிடம். மெட்ரோ, மத்திய மாநில அரசுகள் சம பங்கு வைத்திருக்கும் தனி நிறுவனம். சாலை என்று எடுத்துக்கொண்டால் தேசிய நெடுஞ்சாலை ஒருவரிடம், மாநில நெடுஞ்சாலை இன்னொருவரிடம், உள் சாலைகள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று போகும். சிக்னல் போக்குவரத்துக் காவல்துறையிடம். நிலப் பயன்பாடும் பெருந்திட்டமும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம்.

ஒரு நிழற்குடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் அதைக் கட்டிப் பராமரிப்பது மாநகராட்சி. அங்கே எந்த வண்டி நிற்கும் என்று முடிவு செய்வது போக்குவரத்துக் கழகம். நிழற்குடை ஓரிடத்திலும் பேருந்து அதற்கு இருபதடி தள்ளியும் நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோமே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கும்டா என்கிறார்களே, அது என்ன?

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். மேலே சொன்ன எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்காக உருவான அமைப்பு. பெருநகரங்களில் இப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. தமிழ்நாடு 2010-லேயே சட்டம் இயற்றியது. ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019-இல். முதலமைச்சர் தலைமையில் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்.

சட்டத்துக்கும் முதல் கூட்டத்துக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். இந்த இடைவெளியில்தான் முதல் கட்ட மெட்ரோ ஓடத் தொடங்கி, விம்கோ நகர் வரை நீண்டது. நகரத்தின் மிகப்பெரிய போக்குவரத்து முடிவுகள் பல, எல்லாரும் சேர்ந்து உட்காராமலேயே எடுக்கப்பட்டுவிட்டன. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. கொச்சியில் 2019-இல் கேரளச் சட்டம் வந்தது, 2020 நவம்பரில் ஆணையம் வேலையைத் தொடங்கிவிட்டது.

கும்டாவின் எல்லை எது? எங்கள் ஊர் அதற்குள் வருமா?

சென்னைப் பெருநகரப் பகுதிதான் அதன் எல்லை. அது முன்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் அது 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சென்னை மாவட்டத்தோடு திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் பகுதிகளும் உண்டு. இதில் பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்தான். மீதியில் தாம்பரம், ஆவடி, காஞ்சிபுரம் மாநகராட்சிகள், ஏராளமான நகராட்சிகள், பேரூராட்சிகள், நூற்றுக்கணக்கான ஊராட்சிகள். ஆக, போக்குவரத்துத் திட்டம் என்றால் அது மாநகராட்சி மட்டும் பேசி முடிக்கும் விஷயம் இல்லை. பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட அதன் கையில் இல்லை.

சேர்ந்து திட்டமிடாவிட்டால் நடைமுறையில் என்ன ஆகும்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

கிளாம்பாக்கம்.

தென்மாவட்டப் பேருந்துகளைக் கோயம்பேட்டிலிருந்து நகருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் சரியானதுதான். வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே 88 ஏக்கரில் சி.எம்.டி.ஏ. பெரிய முனையத்தைக் கட்டியது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். கட்டடம் நன்றாகவே இருக்கிறது. வாசலுக்கு எதிரே ஜி.எஸ்.டி. சாலை, அதைத் தாண்டினால் தண்டவாளம், அதில் மின்சார ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் முனையம் திறந்தபோது ரயில் அங்கே நிற்க நிலையம் இல்லை.

அந்த நாட்களில் விழுப்புரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ விடியற்காலை நாலு மணிக்கு வந்து இறங்கியவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் அரிசிப் பை, இன்னொரு கையில் தூங்கும் பிள்ளை. போக வேண்டியது பெரம்பூர். கண் முன்னே ரயில் போகிறது, ஏற முடியாது. மாநகரப் பேருந்தைப் பிடித்துத் தாம்பரம் போய் அங்கே ரயில் ஏற வேண்டும், அல்லது ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டும். முனையம் திறந்த முதல் மாதங்களில் பயணிகள் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும்.

இத்தனைக்கும் அங்கே நிலையம் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அதற்கான 20 கோடி ரூபாயை மாநில அரசு ரயில்வேக்குக் கொடுத்தது. நிலையத்தைக் கட்டுவது ரயில்வேயின் வேலை. நிலையத்தையும் முனையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை சி.எம்.டி.ஏ.வின் பொறுப்பு. நடுவில் இருக்கும் சாலை தேசிய நெடுஞ்சாலை. பேருந்து போக்குவரத்துத் துறையுடையது. சுற்றியுள்ள தெருக்களும், மழைநீர் போய்ச் சேர வேண்டிய ஏரிகளும் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகளில். ஒவ்வொருவரும் தன் வேலையைத் தன் காலக்கெடுவில் செய்தார்கள், அந்தக் காலக்கெடுக்கள்தான் ஒன்றோடொன்று சேரவில்லை. முதல் கல் நடும்போதே ரயில் நிலையமும் நடைபாதையும் முனையமும் ஒரே திட்டமாக, ஒரே நிதி ஒதுக்கீட்டில், ஒரே தேதியைக் குறிவைத்து இருந்திருந்தால் அந்தப் பயணி நேரே படியேறி ரயிலில் உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்லலாம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டிக்க வேண்டியிருந்த தூரம் 5 கிலோமீட்டர். 2008-இல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்காமல் பல ஆண்டுகள் தூண்கள் அந்தரத்தில் நின்றன. பாதை போடுவது ரயில்வே, நிலம் எடுத்துக் கொடுக்க வேண்டியது மாநிலம், வழக்கு நீதிமன்றத்தில். அந்த வழியாகப் போகிறவர்கள் மொட்டைத் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். பறக்கும் ரயில் நீட்டிப்பில் மாநிலம் மூன்றில் இரண்டு பங்கு, ரயில்வே மூன்றில் ஒரு பங்கு. மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும் வரை அதை மாநிலத் திட்டமாகவே நடத்தினார்கள், அதாவது சுமையின் பெரும்பகுதி மாநிலத்தின் தோளில். ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற இடங்களிலிருந்து கடன்.

இப்படிப் பெரிய பணம் எல்லாம் தண்டவாளத்துக்கு வந்துவிடுகிறது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் முக்கால் கிலோமீட்டருக்கு யார் பணம் தருவது என்று கேட்டால் பதில் இருக்காது. நடைபாதை, தெருவிளக்கு, சைக்கிள் நிறுத்துமிடம், இணைப்புப் பேருந்து திரும்ப ஒரு சின்ன இடம். ஆயிரக்கணக்கான கோடிக்கு முன்னால் இவை சில்லறைச் செலவு. ஆனால் இவை உள்ளாட்சியின் தலையில் விழுகின்றன, அந்த உள்ளாட்சியிடம் சில்லறையும் இல்லை. மெட்ரோ நிலைய வாசலில் பளபளவென்று கிரானைட் போட்டிருப்பார்கள். வாசலை விட்டு இறங்கிய மறு அடியில் செருப்பு சேற்றில் மாட்டும்.

என் கருத்து இதுதான்: ஒரு நிலையத்துக்குச் செலவாகும் தொகையில் ஒரு சிறு பங்கை, அந்த நிலையத்தைச் சுற்றியுள்ள உள்ளாட்சிகளின் கூட்டுக் கணக்கில் முதலிலேயே போட்டுவிட வேண்டும். நிலையம் திறக்கும் நாளில் நடைபாதையும் திறக்க வேண்டும்.

உள்ளாட்சிகள் தங்கள் பங்காக என்ன தர முடியும்?

ரொக்கமாக அதிகம் தர முடியாது. ஆனால் நிலம், சாலையோர இடம், வாகன நிறுத்தக் கட்டணம், கட்டட அனுமதி என்று சில விஷயங்கள் அவர்களிடம் உண்டு. மெட்ரோ வந்தவுடன் மனை விலை ஏறுகிறது, பத்திரப்பதிவு கூடுகிறது. அந்த உயர்வில் ஒரு பகுதி அதே தடத்தின் போக்குவரத்துக்குத் திரும்பி வந்தால் நியாயம்தானே?

பிரான்சில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். 11 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், தங்கள் சம்பளத் தொகையில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பொதுப்போக்குவரத்துக்கென்று கட்ட வேண்டும். 1971-இல் பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் மற்ற நகரங்களுக்கும் பரவியது. ஊழியர் நேரத்துக்கு வந்து சேர்வதால் முதலாளிக்கும் பயன், அதனால் அவரும் பங்கு தர வேண்டும் என்பது கணக்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் ஐ.டி. கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்பாடு நினைவுக்கு வரும்.

எங்கள் ஊர் வரியை வாங்கி, பக்கத்து ஊருக்குச் செலவழித்துவிட்டால்?

கூட்டங்களில் மிகவும் சூடாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பதில் தப்பே இல்லை. கூட்டு முயற்சிகள் பல இந்தச் சந்தேகத்தில்தான் உடைகின்றன.

அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் மூன்று கவுண்டிகள் (நம் மாவட்டங்கள் போன்றவை) சேர்ந்து நடத்தும் சவுண்ட் டிரான்சிட் என்ற அமைப்பு இதை நேரடியாகவே எதிர்கொண்டது. தன் பகுதியை ஐந்து துணை வட்டாரங்களாகப் பிரித்தது. ஒரு வட்டாரத்தில் வசூலான வரி அந்த வட்டாரத்து மக்களுக்குப் பயன்படும் பணிக்கே போக வேண்டும் என்று விதி வைத்தது. "பயன்படும்" என்ற சொல்லைக் கவனியுங்கள், "அந்த இடத்தில் கட்டப்படும்" என்று இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பாலம் கட்டினால் நம் ஊர்ப் பேருந்து அரை மணி நேரம் சீக்கிரம் வரும் என்றால், அதுவும் நமக்குப் பயன்தான். இந்த விதியால் சில திட்டங்கள் மெதுவாக நகரும் என்ற குறை உண்டு. ஆனாலும், கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறபோது சண்டை குறைகிறது.

வெளிநாடுகளில் ஊர்களைச் சேர வைத்தது எது?

பெரும்பாலும் பணம். அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் ஒரு நிபந்தனை போட்டது. 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளில், உள்ளாட்சிகளும் மாநிலமும் சேர்ந்து தொடர்ச்சியாகத் திட்டமிட்டால்தான் கூட்டரசு நிதி வரும். இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. ஒரு பணி வட்டாரத்தின் நீண்டகாலத் திட்டத்திலும் நான்காண்டுப் பணிப்பட்டியலிலும் இடம்பெறாவிட்டால் கூட்டரசு நிதி கிடையாது. மேயர்களுக்குள் ஆயிரம் மனக்கசப்பு இருந்தாலும் கூட்டத்துக்கு வந்துவிடுவார்கள்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் 1965-லேயே இன்னொரு பாதையைக் காட்டியது. ரயில், பேருந்து, படகு நடத்துகிறவர்கள் தனித்தனியாகவே இருந்தார்கள். ஆனால் கால அட்டவணையும் கட்டணமும் டிக்கெட்டும் பொதுவாகின. வசூலைப் பிறகு தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டரில் பத்து உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்த அமைப்பு, 1980-களில் தனியாரிடம் போன பேருந்து வழித்தடங்களின் கட்டுப்பாட்டை 2023 செப்டம்பர் முதல் 2025 ஜனவரிக்குள் படிப்படியாகத் திரும்ப எடுத்துக்கொண்டது.

எல்லையை எப்படிப் போடுகிறோம் என்பது நிதியைப் பாதிக்குமா?

பாதிக்கும். கோயம்புத்தூரைக் கேளுங்கள். மெட்ரோவுக்கு 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை. 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை 15.84 லட்சம் என்று சொல்லி, 2025 நவம்பரில் மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. அதே கணக்கெடுப்பில் கோவை நகரத் தொகுப்பின், அதாவது மாநகராட்சியும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த பகுதியின், மக்கள்தொகை 21 லட்சத்துக்கு மேல். சூலூரிலிருந்தும் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்தும் தினமும் நகருக்குள் வருகிறவர்கள் மாநகராட்சிக் கணக்கில் வரமாட்டார்கள், சாலை நெரிசலில் மட்டும் வருவார்கள். மெட்ரோ வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். வட்டாரத்துக்கு என்று பேச ஒரு கூட்டு அமைப்பு முன்பே இருந்திருந்தால், எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்ற விவாதமாவது வேறு மாதிரி நடந்திருக்கும்.

இந்த அமைப்புகளில் நம் கவுன்சிலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் இடம் உண்டா?

அரசியலமைப்பு உண்டு என்கிறது. 74-ஆவது திருத்தத்தில் வந்த 243ZE பிரிவைத் தமிழில் சொன்னால் இப்படி: பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரப் பகுதியில் ஒரு பெருநகரத் திட்டக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள், உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும்.

சென்னையில் பெருந்திட்டம் போடுவது சி.எம்.டி.ஏ.தான். கும்டாவின் மேசையிலும் அமைச்சர்கள், செயலாளர்கள், துறைத் தலைவர்கள், நிறுவன இயக்குநர்கள்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். அவர்கள் அவசியம். ஆனால் எந்தத் தெருவில் மழை பெய்தால் பேருந்து நிற்கும், எந்த நிறுத்தத்தில் இருட்டிய பிறகு பெண்கள் நிற்கப் பயப்படுகிறார்கள் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும். அந்த அறிவு வரைபடத்துக்குள் வர வழி வேண்டும். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கூட்டுக்குழு, அதில் அந்தத் தடத்து உள்ளாட்சித் தலைவர்களுக்கு வாக்குரிமை. இது நான் விடாமல் கேட்டுவரும் ஒன்று.

சென்னை ஒன் செயலி வந்துவிட்டதே, இனி என்ன குறை?

நல்ல தொடக்கம். 2025 செப்டம்பர் 22 அன்று வந்தது. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட். வேறு வேறு நிறுவனங்கள் இதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் டிக்கெட் ஒன்றாவதும் கட்டணம் ஒன்றாவதும் வேறு வேறு. சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சம் 5 ரூபாய், மின்சார ரயிலில் 5, மெட்ரோவில் 10. மூன்றிலும் மாறி ஏறுகிறவர் மூன்று குறைந்தபட்சக் கட்டணத்தையும் கட்டுகிறார். வீட்டுப் பக்கத்தில் நேரடி ரயில் இல்லாதவர்தான் மாறி மாறி ஏறுகிறார், அவர்தான் கூடுதலாகவும் கொடுக்கிறார். மாறி ஏறினால் சலுகை என்று வந்தால், அந்த இழப்பை யார் எவ்வளவு ஏற்பது என்று நிறுவனங்கள் உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஹாம்பர்க் அறுபது ஆண்டுக்கு முன் பேசியது அதைத்தான்.

எல்லா ஊரையும் சென்னை மாநகராட்சியோடு இணைத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

தீராது. எங்கே கோடு போட்டாலும் அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கும், அங்கிருந்தும் ஆள் வேலைக்கு வருவார். ரயில்வேயையும் நெடுஞ்சாலையையும் மாநகராட்சியோடு இணைக்கவும் முடியாது.

தனி ஆளாக நான் என்ன செய்யலாம்?

ஊராட்சியில் இருந்தால் கிராம சபையில் பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரத்தில் இருந்தால் பகுதி சபை. "பேருந்து வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மனு போக்குவரத்துக் கழகத்துக்குப் போய், சாலை சரியில்லை என்ற பதிலோடு திரும்பி வரும். அதனால் மனுவில் தடத்தை முழுதாக எழுதுங்கள்: எங்கிருந்து எங்கே, எந்தெந்த உள்ளாட்சி வழியாக, எந்த இடத்தில் சாலை எத்தனை அடி, வண்டி திரும்ப எந்தப் புறம்போக்கு நிலம் இருக்கிறது, காலையில் எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள்.

அப்புறம், பக்கத்து ஊராட்சியிலும் அதே தீர்மானத்தை அதே நாளில் நிறைவேற்றச் சொல்லுங்கள். இரண்டு தீர்மானத்தையும் ஒன்றாக வைத்து மாவட்ட ஆட்சியர், போக்குவரத்துக் கழகம், கும்டா மூவருக்கும் அனுப்புங்கள். எங்கள் தெருவின் இரண்டு பக்கத்திலும் இப்போது அந்தத் தீர்மானத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். சாலை அளவெடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை, தார் நிறம் மாறும் இடத்தில் டேப்பின் ஒரு முனையை மாநகராட்சிப் பக்கத்துக்காரர் பிடித்தார், மறுமுனையை ஊராட்சிப் பக்கத்து அக்கா பிடித்தார். பதினாறு அடி இருந்தது.